எஞ்சினுக்குள் விழுந்த மஞ்சள் அரிசி

பிரவின்,

உன் மோட்டார் சைக்கிள் நம் தாமான் தெருவின் முனையில் திரும்புவதற்குள் நான் பேனாவை எடுத்துவிட்டேன். மத்தியான ஷிப்டு முடிந்து நீ வரும்போது இது உன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் படி. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம்தான், ஆனால் நீ என் குரலை வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறவன். ஒரு நாள் எதேச்சையாக என் காதிலும் விழுந்தது, கோழி கொக்கரிக்கிற மாதிரி இருந்தது. நேரில் பேசலாமென்றால் நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்று சொல்வாய், அடுத்த பேச்சுக்குள் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருப்போம், அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். இந்த வீட்டில் கத்தாமல் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவரும் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் இவ்வளவு நீளமாக எழுதி எத்தனையோ காலமாகிவிட்டது, ஒற்றுப் பிழை இருந்தால் பல்லைக் காட்டாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்கப்புறம் நீயும் தர்ஷினியும் கெலாங் பாத்தா வீட்டுக்குப் போய்விடுவீர்கள். உன் துறைமுக வேலைக்கு அதுதான் பக்கம், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அதை விடு. மகன் கல்யாணத்துக்கு அம்மா அழகாக ஒரு கடிதம் எழுத வேண்டும், நல்லா இரு, விட்டுக்கொடுத்துப் போ என்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு வார்த்தையும் இப்போது வரமாட்டேன் என்கிறது. ஒரே ஒரு விஷயம்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ பொந்தியானுக்குப் போக வேண்டும். தர்ஷினியின் அப்பாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் இல்லை, நேரில்.

முகத்தைச் சுளிக்காதே. உன் காரைக் குறை சொல்லப் போகிறேன் என்றும் நினைத்துக்கொள்ளாதே. அந்த நீலக் கார், பழையதைச் சீராக்கி ரீகானாக வந்து இறங்கிய அந்த அமெரிக்க மஸல் கார், நம் போர்ச்சுக்குள் முதல் தடவை நுழைந்த அன்று நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "இது காரா இல்ல தோங்காங் கப்பலா, வாசக் கதவ மூட முடியலயேடா" என்றேன். எட்டு சிலிண்டர் என்று பெருமையாகச் சொன்னாய். இந்த ஸ்கூடாய் ரோட்டு ஜாமில் எட்டு சிலிண்டரும் சேர்ந்து வரிசையில்தான் நிற்கப் போகிறது என்றேன். நானும் இருபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதே ரோட்டில் வருஷக்கணக்காக ஸ்கூல் வேன் ஓட்டியவள்தானே. எனக்குத் தெரிந்த வேகமெல்லாம் மணி அடிப்பதற்குள் கேட்டைத் தொடுகிற வேகம்தான். அப்புறம் அந்தப் பெரிய பெட்டி வந்தது. "என்னடா இது" என்றால் "சூப்பர்சார்ஜர்மா" என்கிறாய். ஏற்கெனவே பலசாலியாக இருக்கிற எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணித்து இன்னும் பலசாலி ஆக்குகிற சாமான் என்று விளக்கம் வேறு. "ஒர்க்‌ஷாப்ல குடுத்துச் செய்யேன்டா" என்றேன். "என் கார நானே செய்யணும்மா" என்றாய். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் என் வேனை வேறு யாராவது கழுவினால்கூட எனக்குப் பிடிக்காது.

அந்த வாரங்களில் நான் சமையலறை ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்குத் தெரியாது. கழற்றுகிற ஒவ்வொரு நட்டையும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த இடத்து நட்டு என்று எழுதி ஒட்டினாய். எஞ்சினுக்குக் காற்றுப் போகிற பழைய மேனிஃபோல்டைத் தூக்கி எடுத்ததும் எஞ்சின் தலையில் எட்டு ஓட்டை திறந்து கிடந்தது. அந்த ஒவ்வொன்றிலும் சுத்தமான துணியைச் சுருட்டி வைத்து மேலே டேப் ஒட்டினாய். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு சின்ன மண்ணு உள்ள விழுந்தாலும் எஞ்சின் போச்சுமா" என்றாய். உன் படுக்கையறையில் காலுறை ஒரு மூலை, சட்டை ஒரு மூலை. அதே பையனா இவன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஒரு பொருளை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவன் ஒரு பெண்ணையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா வழக்கம்போல "ம்" என்றார்.

இப்போது தர்ஷினியின் அப்பாவைப் பற்றி. உனக்கு அவரைத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். அவர்கள் சிலோன் தமிழர், மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். நாம் குளுவாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள். முதல் தடவை பொந்தியானில் அவர் வீட்டுக்குப் போனபோது, "எந்த எஸ்டேட்டில இருந்தனீங்கள்" என்று மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "பேரச் சொன்னா போய்ப் பாக்கப் போறீங்களா சார், இப்ப அங்க தாமான் வீடுங்க கட்டிட்டாங்க" என்றேன். நீ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாய். அதற்கப்புறம் அவர் சம்மதம் சொல்ல ஒரு வருஷம் ஆயிற்று. சம்மதம் சொன்ன பிறகும் நம் வீட்டுக்கு வந்தால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். தேநீரைக் கையில் வாங்குவார், ஆறவிடுவார், அப்படியே வைத்துவிட்டுப் போவார். எனக்கு அந்த மனுஷன் மேல் கோபம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. பொண்ணு தங்கம், அப்பன் கட்டை என்று நான் சொன்னதை நீயும் கேட்டிருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை பொன்னுருக்கு. நம் பக்கத்தில் இல்லாத வழக்கம் என்பதால் நான்தான் பயந்துகொண்டிருந்தேன். தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டிலேயே உருக்க வேண்டும், பெண் வீட்டார் வந்து பக்கத்தில் இருக்க வேண்டும், பெண் மட்டும் வரக்கூடாது, அன்றிலிருந்து கல்யாணம் வரை பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கவே கூடாது. எல்லாம் நல்லபடியாக நடந்தது. அந்தச் சின்னப் பொன் துண்டு உருகி உருண்டு வந்தபோது தர்ஷினியின் அப்பா குனிந்து பார்த்த பார்வையை நான் கவனித்தேன். சாப்பாட்டுக்கு மூன்று தடவை சாம்பார் கேட்டு வாங்கினார். தேநீரையும் குடித்தார். கப்பை எடுக்கப் போனவள் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு உன் அப்பாவிடம் ஓடிவந்து காட்டினேன்.

ஆசாரியும் மற்ற சொந்தக்காரர்களும் கிளம்பிய பிறகு நீதான் சொன்னாய், ஆள் இருக்கும்போதே சூப்பர்சார்ஜரைத் தூக்கி வைத்துவிடலாம் என்று. மணப்பெண்ணை அந்தக் காரில்தான் அழைத்து வர வேண்டும் என்று உனக்கு ஆசை, நாளும் நெருங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஆ செங் அங்கிள் சிலிப்பரோடு வந்தார். நான் என் பங்குக்கு, வேனுக்கு ஆயுத பூஜைக்குச் செய்கிற மாதிரி, அந்த இரும்பு மூட்டைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். காலையில் ஆசீர்வாதத்துக்குக் கலந்த மஞ்சள் அரிசி, அவர்கள் அறுகரிசி என்கிறார்களே, அதுவும் அதே தட்டில் மிச்சம் இருந்தது. தர்ஷினியின் அப்பா மெதுவாக போர்ச்சுக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டி நான் பார்த்ததே இல்லை. "தம்பி, இது என்ன செய்யும்" என்று கேட்டார். நீ பொறுமையாகச் சொன்னாய், காற்றை எங்கே இழுக்கும், எங்கே அமுக்கும், பெல்ட் எப்படிச் சுழற்றும் என்று எல்லாம். "ஓ, அப்ப எஞ்சினுக்கு மூச்சுக் குடுக்கிற சாமான்" என்றார். நீ சிரித்தாய். டார்ச்லைட்டை அவர் கையில் கொடுத்து, "அங்கிள், நீங்க லைட் பிடிங்க" என்றாய். பரீட்சையில் முதல் இடம் வந்த பையன் மாதிரி அவர் அதை வாங்கிக்கொண்டார்.

டேப்பைப் பிரித்தாய், துணிகளை எடுத்தாய், ஓட்டைகளைத் துடைத்தாய். நீ ஒரு பக்கம், ஆ செங் அங்கிள் ஒரு பக்கம், உன் அப்பா நடுவில் வயர்களை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு. "கிரி சிக்கிட், கிரி, கொஞ்சம் லெஃப்ட், ஸ்லோ ஸ்லோ லா" என்று ஆ செங் அங்கிள் மூச்சு வாங்கினார். அந்தச் சாமான் எஞ்சினுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கி நின்றது, போல்ட்டு ஓட்டைகள் நேருக்கு நேர் வந்துவிட்டன. எல்லோர் முகத்திலும் தாலி கட்டுகிற நேரத்துப் பதற்றம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதே. "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும்தான். என் பக்கத்தில் நின்ற தர்ஷினியின் அப்பா, டார்ச்லைட் இடது கையில் இருக்க, வலது கையால் என் தட்டிலிருந்து கை நிறைய அரிசியை அள்ளி அந்த எஞ்சின் மேல் போட்டார்.

அரிசி விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இரும்பில் பட்டுச் சிதறி, திறந்து கிடந்த ஓட்டைகளுக்குள் போயிற்று. நீங்கள் சாமானைத் திரும்ப மேசைக்குத் தூக்கினீர்கள். நீ போன் லைட்டை உள்ளே அடித்துப் பார்த்தாய், நிமிர்ந்து அவர் பக்கம் திரும்பினாய். "உங்களுக்கு அறிவு இருக்கா? யாரு உங்கள இங்க கூப்பிட்டா?" என்றாய்.

முதல் கேள்வியை விடு. கோபத்தில் வருகிற சொல், என் வாயிலிருந்தும் தினமும் வருகிறது. இரண்டாவது கேள்வியைத்தான் நான் இத்தனை நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். ஒரு வருஷம் யோசித்து நம் வீட்டுப் படி ஏறியவரை, நாற்காலி நுனியிலிருந்து அன்றைக்குத்தான் எழுந்து வந்தவரை, யார் கூப்பிட்டது என்று கேட்டாய். நீ அதற்கப்புறம் அவர் பக்கம் திரும்பவில்லை, வேக்குவம் எடுக்க ஸ்டோருக்கு ஓடிவிட்டாய். அதனால் நீ பார்க்காததை நான் சொல்கிறேன். அவர் டார்ச்லைட்டை அணைத்து மேசையில் வைத்தார். பிறகு போர்ச் தரையில் குந்தி உட்கார்ந்து, சிதறிக் கிடந்த அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தார். தரையில் விழுந்த அரிசியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் பொறுக்கினார். உன் அப்பா போய், "விடுங்க சார், நான் கூட்டிக்கிறேன்" என்று தோளைத் தொட்டார். தர்ஷினியின் அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, "வாங்கோ, போவம்" என்று மட்டும் சொன்னார்கள். பொறுக்கிய அரிசியை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

பிரவின், ஒன்று கேட்கிறேன், நேர்மையாகப் பதில் சொல். அரிசித் தட்டை அங்கே கொண்டுவந்தது யார்? நான். கெட்டி மேளம் என்று கத்தியது யார்? நான். அந்தச் சத்தம் கேட்டால் எந்தத் தமிழன் கையும் தானாக அரிசியை எறியும் என்று எனக்குத் தெரியாதா? நீ என்னைத்தான் திட்டியிருக்க வேண்டும். ஏன் திட்டவில்லை? திட்டினால் நான் திருப்பி நாலு கொடுப்பேன் என்று உனக்குத் தெரியும். அவர் திருப்பிப் பேசமாட்டார் என்றும் தெரியும். பெண்ணைக் கொடுக்கப் போகிறவர் மாப்பிள்ளையிடம் எதைப் பேச முடியும்? உன் கோபத்துக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, யார் மேல் விழுந்தால் வலிக்காமல் தப்பலாம் என்று பார்த்துத்தான் விழுந்தது. இது எனக்கு உன் மேல் இருக்கிற ஒரே பெரிய பயம். நாளைக்கு அந்த வீட்டில் நீயும் அவளும் மட்டும்தான் இருப்பீர்கள்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் நீ பட்ட பாட்டையும் பார்த்தேன். வேலையிலிருந்து வந்ததும் ஓடுவாய். மெல்லிய டியூபை வேக்குவத்தில் கட்டி உறிஞ்சினாய், போனில் படம் தெரிகிற அந்தக் குட்டிக் கேமராவை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டுத் தேடினாய், பிளக்கைக் கழற்றி அந்த வழியாகவும் பார்த்தாய். ஒரு சிலிண்டருக்குள் பிஸ்டன் தலைமேல் ஒற்றை அரிசி மஞ்சளாக உட்கார்ந்திருந்ததை எனக்குக் கூப்பிட்டுக் காட்டினாய். "பாத்தியாம்மா, இது மட்டும் உள்ள இருந்திருந்தா" என்றாய். பாவமாகத்தான் இருந்தது. உன் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் "பொந்தியானுக்கு ஒரு தடவை போய்ட்டு வாடா" என்று நான் மெதுவாக ஆரம்பித்ததும், "பொன்னுருக்கு முடிஞ்சா பொண்ண பாக்கக் கூடாதும்மா, அவங்க வழக்கம், நாமதான் மதிக்கணும்" என்றாயே, அப்போது பாவமெல்லாம் போய்விட்டது. இத்தனை வருஷமாக எந்தச் சடங்குக்கும் வேட்டி கட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தவனுக்குத் திடீரென்று வழக்கத்தின் மேல் இவ்வளவு பக்தி. பார்க்கக் கூடாதது பெண்ணை. பெண்ணின் அப்பாவை இல்லை.

எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை என்றால் உன் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள். நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு நாள் அப்பா என் வேனை ரிவர்ஸ் எடுத்து ஆ செங் அங்கிள் கேட்டில் இடித்துவிட்டார். அங்கிள் வீட்டில் யாரும் இல்லை. கேட் வளைந்ததை வைத்து யார் இடித்தது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அந்த மனுஷன் சாயங்காலம் வரை அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றார். அங்கிள் கார் வந்து நின்றதும் பக்கத்தில் போய், "பாஸ், சாயா யாங் லங்கார்" என்றார், நான்தான் இடித்தேன் என்று. பிரேக் சரியில்லை, வெளிச்சம் இல்லை, அவசரம் என்று ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. ஆ செங் அங்கிள் "அலமாக்" என்று தலையில் கை வைத்தார், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார்கள். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம்தான், போன ஞாயிற்றுக்கிழமை உன் சூப்பர்சார்ஜரின் ஒரு பக்கத்தைத் தூக்கியது. நீயும் அப்படிச் சொல்லு. "நான் சொன்னது தப்பு" என்று சொல்லு, அதோடு நிறுத்து. "ஆனா அங்கிள்" என்று ஆரம்பித்தாயோ, போகாமலே இருந்திருக்கலாம்.

தர்ஷினி உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைக்கிறாய். நேற்று அவள் எனக்குப் போன் செய்தாள். சேலை பிளவுஸ் பற்றித்தான் பேசினாள். வைக்கப் போகும்போது, "ஆன்ட்டி, அப்பா சாப்பிடுறாரு, தூங்குறாரு, ஆனா யார்கிட்டயும் பேசல" என்றாள். "நான் பிரவின்கிட்ட சொல்லட்டுமாம்மா" என்றேன். "வேணாம் ஆன்ட்டி. அவருக்கே தோணட்டும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அவள் கல்யாணத்தை நிறுத்துகிற பெண் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சிரித்த முகமாகத்தான் வந்து உட்காருவாள். உன்னோடு நல்லபடியாகவே வாழ்வாள். ஆனால் உனக்குத் தோன்றுமா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்த இந்த வாரத்தை ஒருநாளும் மறக்கமாட்டாள், உன்னிடம் சொல்லவும் மாட்டாள். அப்படி ஒரு பெண்ணோடு வாழ்வது எவ்வளவு தனிமை என்று உனக்குத் தெரியாது. அது உனக்கு வேண்டாம். அவளுக்கும் வேண்டாம்.

இன்றைக்குக் காலையில் நீ காரைக் கிளப்பினாய். லேப்டாப்பைத் தொடையில் வைத்துக்கொண்டு, எஞ்சினுக்கு டியூன் ஏற்றிவிட்டு, என்னையும் அப்பாவையும் வாசலில் நிற்கச் சொன்னாய். முதலில் ஒரு இருமல், பிறகு அந்த உறுமல், அதற்கு மேலே விசில் மாதிரி மெல்லிய ஒரு சத்தம் ஏறி ஏறிப் போயிற்று. ஆ செங் அங்கிள் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டதாம். நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, என் வேனின் முன் சீட்டில் உட்கார்ந்து, "மா, இப்ப கியர மாத்து" என்று சொல்வாயே, அதே சிரிப்பு. எனக்குப் பெருமையாக இருந்தது. வாய் விட்டுச் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன். என் மகன் தன் கையால் இதைச் செய்தான் என்று நெஞ்சு நிறைந்தது. பிறகு நீ உள்ளே வந்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, வீடியோவை எல்லாருக்கும் அனுப்பினாய். யார் யாருக்கு அனுப்பினாய் என்று எட்டிப் பார்த்தேன். பொந்தியானுக்கு அனுப்பவில்லை.

நீ வேலைக்குக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், நீ குளித்துக்கொண்டிருந்தபோது, என் போன் அடித்தது. தர்ஷினியின் அப்பா. அவர் எனக்கு நேராகப் போன் செய்தது இதுதான் முதல் தடவை. கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சம்பந்தி, ஒண்டு கேக்கோணும். தம்பியின்ர எஞ்சினுக்குள்ள போன அரிசி எல்லாம் எடுத்தாச்சோ" என்றார். "எடுத்தாச்சு சார், இன்னைக்குக் காலையில கார் ஓடிச்சு" என்றேன். அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று விட்டது கேட்டது. "நல்லது, நல்லது. நான் கை நிறைய அள்ளிப் போட்டிட்டன். எவ்வளவு உள்ள போச்சுதோ எண்டு எனக்கு நித்திரையே இல்ல" என்றார். அவரே தொடர்ந்தார். "ஏன் போட்டனெண்டு எனக்கே விளங்கேல்ல. அண்டைக்கு மனசு சந்தோஷமா இருந்தது. அதால போட்டிட்டன். தம்பியிட்டச் சொல்லுங்கோ, மன்னிக்கச் சொல்லி."

ஒரு மனுஷன் சந்தோஷப்பட்டதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், பிரவின். நீ அவர் மகளுக்குத் தாலி கட்டப் போகிறவன். அதைக் கேட்ட பிறகு நான் உன்னிடம் கேட்டுப் பதில் சொல்கிற நிலையில் இல்லை. "தம்பி நாளைக்குக் காலையில அங்க வர்றாரு சார்" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன், கோபப்படுவதாக இருந்தால் இந்தத் தடவை சரியான ஆள் மேல் கோபப்படு, நான் இங்கேதான் இருக்கிறேன். அவரிடம், "வீட்டுக்குள்ள வரமாட்டாரு, பிள்ளைங்க பாத்துக்கக் கூடாதுல்ல" என்றேன். "ஓம், ஓம்" என்றார். பிறகு, "அந்தக் காரிலயோ வருவார்" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப நான் றோட்டுக்கு வந்து நிக்கிறன்" என்றார்.

வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர். அவரை நிற்க வைக்காதே.

அம்மா